மூன்று மாதச் சர்க்கரையும் ஒரு மாத நடையும்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹெச்பிஏ1சி, அதாவது கடைசி இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற எண், 8.1. கூடவே நீ எழுதியிருந்ததையும் படித்தேன்: "ஒரு மாசமா நடந்தாச்சு, டீக்குச் சர்க்கரையை விட்டாச்சு, சோத்தைக் குறைச்சாச்சு. 8.4 இருந்தது 8.1 ஆயிருக்கு. இதுக்கா இவ்வளவும்?"

போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதே கேள்வியோடு எங்கள் லேபில் வந்து நிற்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ கையை நீட்டியதும் ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மெதுவாக எட்டுப் பத்துத் தடவை கவிழ்த்து வைத்திருப்பார்கள். அந்தக் குழாயில் இருக்கும் சிவப்பணுக்களுக்கெல்லாம் ஒரே வயது கிடையாது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருக்கும். போன வாரம் பிறந்ததும் அதில் இருக்கும், ஆவணியில் பிறந்ததும் இருக்கும். ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறதோ, அதற்கேற்ப அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்த அணு இருக்கும் வரைக்கும் போகாது. ராத்திரி பரோட்டாவும் கூல்டிரிங்க்ஸுமாக நீ இருந்த நாட்களில் சர்க்கரை ஏறிய அணுக்கள் இன்னும் உன் உடம்பில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய நெல் கிடக்கிற குதிரில் புது நெல்லைக் கொட்டிவிட்டுக் கைவிட்டு அள்ளினால் இரண்டும் கலந்துதானே வரும்? இந்த 8.1-ம் அப்படிக் கலந்து வந்ததுதான். இந்த எண்ணில் கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறக்குறைய பாதி. மிச்சமெல்லாம் நீ நடக்கத் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களின் கணக்கு. நடுவில் தீபாவளி வேறு வந்து போயிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே 0.3 இறங்கியிருப்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்றைக்கன்றைக்கே தெரிகிற கணக்கும் உன்னிடம் இருக்கிறது. போன வாரம் குளுக்கோமீட்டரைப் படம் பிடித்து அனுப்பினாயே, அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாய். இரண்டு மணி நேரம் கழித்து 212. திங்கள் அதே சாம்பார் சாதம், அதே அளவு. சாப்பிட்டுவிட்டுத் தெருவைச் சுற்றி வந்தாய், 168. இரண்டு எண்ணை மட்டும் வைத்துப் பெரிதாக எதையும் முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் நடந்தால் இப்படிக் குறைவதற்குக் காரணம் உண்டு. நடக்கும்போது சுருங்குகிற தசை, இன்சுலின் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். உனக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததுதானே சிக்கல்? அந்தச் சிக்கல் இருக்கும்போதே, நடக்கத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே நடை தன் வேலையைச் செய்கிறது.

எடை குறையவே இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டுப் போனவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. தினமும் நடந்து, சாப்பாட்டையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை! நீ விளிம்பைத் தாண்டிவிட்டாய், அதனால் அந்தச் சதவீதம் உனக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எடை மெஷின் ஒன்றும் காட்டாத நாட்களிலும் உடம்புக்குள் மாற்றம் நடக்கும் என்பது உனக்கும் பொருந்தும்.

அம்மாவிடம் பேசினேன். முதல் வாரம் மூன்று தடவை கூப்பிட்டால்தான் செருப்பை மாட்டுவாயாம். இப்போது தட்டைக் கழுவி வைத்ததும் நீயாகவே வாசலுக்குப் போய்விடுகிறாயாம். மூன்று கரண்டி சோறு இரண்டாகி, மிச்ச இடத்தில் அவரைக்காய்ப் பொரியலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாயாம். பெரியம்மா வீட்டில் சர்க்கரை போட்ட டீயைக் கொடுத்தபோது ஒரு வாய் குடித்துவிட்டு, திகட்டுகிறது என்று வைத்துவிட்டாயாமே? எந்த லேப் ரிப்போர்ட்டிலும் இதெல்லாம் வராது. எனக்கோ 8.1-ஐவிட இதுதான் பெரிய செய்தி.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரிடம் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தைத் தினமும் செய்யச் சொல்லிக் கவனித்தார்கள். 2010-ல் வந்த ஆய்வு அது. யோசிக்காமலே தானாகச் செய்கிற நிலை வர ஆன நாட்களில் நடு மதிப்பு 66. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதில் பார்த்தார்கள். மழையில் நடை விட்டுப்போன நாளை நினைத்து நீ புலம்பியிருந்தாய். அதை விடு, மறுநாள் போனாயா, அது போதும். மழை விடாமல் பெய்தால் மொட்டை மாடிப் படிக்கட்டு இருக்கவே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1977-ல் தொடங்கிப் பல வருடம் நடந்த பெரிய சர்க்கரை நோய் ஆய்வு ஒன்று உண்டு. புதிதாக நோய் கண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்து கொடுத்துச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். ஆய்வு முடிந்து ஒரு வருடத்திலேயே அவர்களுடைய ஹெச்பிஏ1சியும் மற்றவர்களுடையதும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, ஆரம்பத்தில் கட்டுப்பாட்டில் இருந்தவர்களிடம் மாரடைப்பும் இறப்பும் குறைவாக இருந்தன. உனக்கு இப்போது 34 வயது, நோய் தெரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த ஆரம்ப காலம் உனக்கு இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு இருக்கிற அவசரமெல்லாம் அதற்காகத்தான்டா.

மாதாமாதம் லேபுக்கு ஓடாதே. பொங்கல் முடிந்து, தை கடைசியில் எடுத்தால் போதும். அதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. அப்படியே ஹீமோகுளோபினையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி எண் தப்பாகக் காட்டலாம். அதுவரைக்கும் மாத்திரையை நீயாக நிறுத்தவோ குறைக்கவோ செய்யாதே. ராத்திரி நடைக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, அவருக்கும் முழங்கால் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ரிசல்ட் வந்ததும் முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா