ஒரு குதிரையும் ஒரு சுரங்கமும் போதுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன இதழின் வாசிப்புப் பக்கத்தில் உங்கள் கட்டுரையாளர் ஒருவர், கல்வெட்டெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிற இந்தக் காலத்தில் சரித்திர நாவல் எழுத ஒரு குதிரையும் ஒரு சுரங்கப்பாதையும் இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார். படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் எரிச்சல் வந்தது.

முதலில் குதிரை. சோழர் காலத்தில் நல்ல குதிரை வெளியிலிருந்து வரவேண்டிய சரக்கு. மலைமண்டலத்துக் (இன்றைய கேரளப் பக்கம்) குதிரைச் செட்டிகள் அந்தக் காலக் கல்வெட்டிலேயே வருகிறார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. ஒருவனைக் குதிரையில் ஏற்றுவதற்கு முன்னால் அது யாருடையது, யார் காசு கொடுத்தது, கொள்ளு வைப்பது யார் என்று நான் யோசித்தாக வேண்டும். முக்கால்வாசி நேரம் அவனை நடக்க விட்டுவிடுகிறேன். சுரங்கப்பாதை என் கதை எதிலுமே கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

கல்வெட்டு கைப்பேசியில் கிடைக்கிறது, சரி. என்ன கிடைக்கிறது? காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருக்கும் உடையார்குடிக் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் நிலத்தையும் உறவுக்காரர்கள் நிலத்தையும் என்ன செய்வது என்று இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்று ஒரு வரி இல்லை. நாவலாசிரியன் வேலை அந்த இல்லாத வரியில்தான் தொடங்குகிறது. புத்தகக் காட்சியில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கொன்றது யார் என்றே கேட்கிறார்கள். கல்லில் வெட்டியிருக்கிறதே ஐயா, அங்கே போய்ப் படியுங்கள் என்கிறேன்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பது தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்களில், அதாவது கோயில் ஆடல் மகளிரில், ஒருத்தியின் கதை. 400 பேர். ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு எல்லாம் கல்வெட்டில் வரிசையாக இருக்கிறது. ஒருத்திக்குக் கிடைக்கும் ஒரு பங்கு என்பது வருஷத்துக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும். கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 நாழி. வகுத்தால் ஒரு நாளைக்கு 26 நாழி சொச்சம் நெல். இதை ஒருத்தி தனியாகச் சாப்பிட முடியாது. அப்படியானால் அந்த வீட்டில் இன்னும் யார் யார் இருந்தார்கள்? அம்மாவா, தங்கையா, குத்துகிற வேலைக்காரியா? உப்புக்கும் புளிக்கும் எவ்வளவு நெல் போனது? அவள் செத்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ பங்கு நெருங்கிய உறவுக்குப் போகும், அந்த ஆள் வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்றும் ஒரு ஷரத்து இருக்கிறது. அப்போது வேலைக்குத் தகுதியில்லாத தங்கை ஒருத்தி வீட்டில் இருந்தால்? என் நாவலின் பாதி இந்தக் கேள்விதான். திருவாரூரிலிருந்து வந்தவள் என்று வைத்திருக்கிறேன். அவள் ஊர்க் கோயில் ஞாபகத்தை எழுத மட்டும் ஒரு கோடைக்காலம் போயிற்று. கைப்பேசியில் அது இல்லை.

அடுத்து மிளகாய். மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் இதழில் என் தொடர் வந்தபோது, பத்தாம் நூற்றாண்டுச் சமையலறையில் ரசத்துக்கு மிளகு தட்டுகிறாள் என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் மிளகாய் என்று வந்தது. போர்த்துக்கீசியர் வந்து இறங்கிய 1498க்கு முன்னால் இந்த மண்ணில் மிளகாய் கிடையாது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வாசகர்கள் என்னைத்தான் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அந்தக் கடிதங்களைப் பெட்டி கட்டிப் போட்டீர்கள். என் கையெழுத்துப் பிரதியில் மிளகு என்று இருக்கிறதே என்று நான் எழுதிய கடிதத்துக்கு மட்டும் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. சன்மானத்தைப் பற்றிப் பேச மாட்டேன், அது தனிக் கதை.

கல்கியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றும் கட்டுரையாளர் சொல்கிறார். கல்கி மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. 1950இல் ஆரம்பித்து 1954இல் 'பொன்னியின் செல்வ'னை முடித்தபோது, அப்புறம் யார் என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்காகத் தனியாக ஒரு முடிவுரையே எழுதினார் மனிதர். ஆனால் சாகித்ய அகாதமி 1963இல் அகிலனுக்கும், 1995இல் பிரபஞ்சனுக்கும், 2011இல் சு. வெங்கடேசனுக்கும் விருது கொடுத்தது சரித்திர நாவலுக்குத்தானே? அகாதமிக்குத் தெரிந்தது உங்கள் பக்கத்துக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தாலும் வந்தது, பதிப்பாளர்களுக்குச் சோழனைத் தவிர யாரும் கண்ணில் படுவதில்லை. புதுச்சேரி முற்றுகையை வைத்து ஒரு நாவல் பாதியில் நிற்கிறது. 1761 ஜனவரி. பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இறந்த சில நாளில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போகிறது, அதற்கு முன்பே உள்ளே பட்டினி. இதைவிடப் பெரிய கதை என்ன வேண்டும்? நான் பேசிய பதிப்பாளர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இதில் சோழர் யாரும் வரமாட்டாரா சார்?" என்றார். அந்தக் கட்டு இப்போது பீரோவுக்கு மேல் இருக்கிறது.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை, இளவயது போலிருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். மிளகாய் வந்த அந்தத் தொடர் இப்போது புத்தகமாகிறது. நடுவில் இரண்டு வார இதழ்கள் என்னிடம் இல்லை. எழுதியவனுக்கு வர வேண்டிய பிரதி அப்போதே வரவில்லை, அலுவலகத்தில் கேட்டும் பதில் இல்லை. பழைய கட்டில் இருந்தால் அந்த இரண்டு அத்தியாயங்களை நகல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தபால் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய தொடர்கதைக்காரன்,
கும்பகோணம்.