பேரனுக்குக் கொடுக்கும் மாத்திரை

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் தை மாதம் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. விவரம் பிறகு எழுதுகிறேன். இப்போது உன் பேரன் நினைப்பாகவே இருக்கிறது.

டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ், மூளையில் கட்டி, எவரோலிமஸ் மாத்திரை என்று டாக்டர் சொன்னது ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். நம் செல்லுக்குள் எம்டார் என்று ஒரு புரதம் உண்டு. இன்சுலினும், லூசின், அர்ஜினின் போன்ற அமினோ அமிலங்களும் வந்தால், சாப்பாடு வந்துவிட்டது, வளரலாம் என்று அது உத்தரவு போடும். பட்டினி என்றால் அது அடங்கிவிடும். செல் தன்னிடமுள்ள பழைய சாமான்களை உடைத்துத் தின்று காலம் தள்ளும். எம்டாரை அடக்கி வைப்பவை டிஎஸ்சி1, டிஎஸ்சி2 என்ற இரண்டு ஜீன்கள். இந்த நோயில் அவற்றில் ஒன்று பழுதாகியிருக்கும். அதனால்தான் மூளை, சிறுநீரகம், தோல் என்று அங்கங்கே கட்டி வளர்கிறது.

கர்ப்பத்தில் மருமகள் சாப்பிட்டது எதுவும் காரணமில்லை. மூன்றில் இரண்டு குழந்தைகளுக்கு இந்தப் பழுது பெற்றோரிடம் இல்லாமலே புதிதாக வருகிறது. அவளிடம் இதை உட்கார வைத்துச் சொல். அமினோ அமிலம் என்றதும் பையனுக்குப் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதே! வளர்கிற பிள்ளை, நன்றாகச் சாப்பிடட்டும்.

இந்த மாத்திரைக்கு மூலமருந்து ராபமைசின். 1964இல் ஒரு கனடா குழு ஈஸ்டர் தீவிலிருந்து கொண்டுவந்த மண்ணில் இருந்த பாக்டீரியா தந்தது. அதைப் பிரித்தெடுத்தவர் மாண்ட்ரியாலில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த சுரேந்திர நாத் சேகல். கம்பெனி அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டபோது, பாக்டீரியாவை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார் மனிதர். காசிப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. 1999இல் அது அமெரிக்காவில் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக வந்தது. எவரோலிமஸ் அதிலிருந்து உருவானது, எம்டாரை அடக்கும். 2010இல், ஆபரேஷன் செய்ய முடியாத இந்த மூளைக்கட்டிக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. ஒரு பரிசோதனையில், மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது.

ஆனால் ஜீனை அது சரிசெய்யாது. நிறுத்தினால் கட்டி மறுபடி வளரலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். வாய்ப்புண் வரும், தொற்றும் எளிதில் பிடிக்கும். காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். தடுப்பூசி போடுமுன் இந்த மாத்திரை பற்றிச் சொல்லுங்கள், சிலவற்றைப் போடக்கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பார்கள். அந்த ரிசல்ட் வந்ததும் எனக்குப் படமெடுத்து அனுப்பு. அடுத்த ஸ்கேனுக்கு நானும் வருகிறேன், தேதியை மட்டும் சொல்.

அன்புடன்,
வசந்தா