எங்களுக்குக் கர்நாடிக் என்றால் மில்லு

வியாசர்பாடி
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை. நீ அனுப்பிய தைலத்தைவிட எதிர்வீட்டு ஆயா கொடுத்த எண்ணெய்தான் கேட்கிறது என்கிறாள். கோபித்துக்கொள்ளாதே.

போன வியாழக்கிழமை போனில் ஒரு கதை சொல்லிச் சிரித்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆஸ்பத்திரி கேன்டீனில் உன்கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, “எங்கள் லிவர்பூல் யுனெஸ்கோவின் இசை நகரம், உங்கள் சென்னையும் அந்தப் பட்டியலில் இருக்கிறதாமே, உங்கள் ஊர்ப் பாட்டு எப்படி இருக்கும்?” என்று கேட்டாளாம். நீ போனைத் திறந்து ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரியைப் போட்டுக் காட்டினாயாம். “நைனா, எனக்கே அதுல ஒண்ணும் புரியல, அவளுக்கு எங்க புரியப்போவுது, தலையாட்டிட்டுப் போயிட்டா” என்றாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. இதையெல்லாம் போனில் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே “சரி நைனா, டியூட்டிக்கு நேரமாச்சு” என்பாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

நீ காட்டியது தப்பு என்று சொல்ல வரவில்லை. 1927 டிசம்பரில் மெட்ராஸில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி. இன்றைக்கு மார்கழி வந்தால் மயிலாப்பூர், தி.நகர் என்று சபாவுக்குச் சபா கச்சேரி. வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போட்டு வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். 2017இல் சென்னை அந்த யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது நான் வாங்கும் பேப்பரில் வந்த படமும் தம்புராவும் பட்டுப்புடவையும்தான். ஊருக்கு வெளியே நம் ஊரின் முகம் அது. பெருமையான முகம்தான், எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை.

நானே ஒரு முறை போயிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். ராகம், தாளம் எதுவும் தெரியாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்தார் பார், என் விரல் தானாக நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது நண்பர், “உங்க பக்கத்துல இதெல்லாம் கிடையாதே” என்றார். நல்ல மனுஷன், குத்தலாகச் சொல்லவில்லை. நானும் “ஆமாங்க” என்றுதான் சொன்னேன். கேன்டீனில் போண்டா பிரமாதம்.

நம் வடசென்னைப் பக்கத்தில் கர்நாடிக் என்றால் மில்லு. பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில்ஸ், பின்னி மில் என்றால் உனக்குத் தெரியும். “உங்க அப்பா எங்க வேலை செய்யறாரு?” என்று கேட்டால் “கர்நாடிக்ல” என்பேன். அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் இருப்பது பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்தது. மில் சங்கு ஊதினால் உன் ஆயா உலை வைப்பாள். தாத்தா ஷிப்டு முடிந்து வரும்போது தெருமுனையிலேயே தெரிந்துவிடும், காலி டிபன் கேரியரைத் தட்டிக்கொண்டேதான் வருவார். 1996இல் மில்லை மூடினார்கள். அதே வருஷம்தான் ஊருக்கும் சென்னை என்று பெயர் மாறியது. தாத்தா, “என் வேலையும் போச்சு, ஊரும் போச்சு” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உனக்கு அப்போது இரண்டு வயசு.

“உங்க பக்கத்துல கிடையாதே” என்பதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ரிட்டயர் ஆன பிறகு லைப்ரரியில் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். மணலி என்றால் இன்று உனக்கு என்ன ஞாபகம் வரும்? சுத்திகரிப்பு ஆலையும் அந்த வாடையும். கர்நாடக சங்கீத மேதை முத்துசுவாமி தீட்சிதர் வளர்ந்தது அந்த மணலியில். அவர் அப்பாவை ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். கோட்டையில் வெள்ளைக்காரன் பேண்டு வாசிப்பதைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டினார் தீட்சிதர். அதைத்தான் நோட்டுஸ்வரம் என்கிறார்கள். அவருடைய தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரனுடைய வயலினைக் கற்றுக்கொண்டார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி உண்டா? தியாகராஜர் மெட்ராஸ் வந்தபோது தங்கியது ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில். திருவொற்றியூர் அம்மன் மேல் ஐந்து கீர்த்தனை பாடினார். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தானே! அன்று நான் நாற்காலியில் தட்டினேனே, அந்த மிருதங்கத்தில் மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூன்றும் இருக்கிறது. அந்தத் தோலைப் பதம் பார்த்து இழுத்துக் கட்டுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

சரி, அது போகட்டும். நீ அந்தப் பெண்ணிடம் போட்டுக் காட்டாமல் விட்ட நம் கானாப் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

சின்ன வயசில் நான் கேட்ட கச்சேரி எல்லாம் சாவு வீட்டில்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின ராத்திரி, தெருவை அடைத்துப் பந்தல். போட்டோவுக்கு மாலை, சுற்றிலும் சீரியல் லைட்டு. ஓர் ஆர்மோனியம், ஒரு டோலக், டேப் என்கிற தோல் மேளம் ஒன்று. அதுவும் கிடைக்காத இடத்தில் பெஞ்சுப் பலகை. பாடுகிறவர் சாயந்திரமே வந்து வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்வார். பேர் என்ன, என்ன வேலை, எத்தனை பிள்ளை, என்ன சாப்பிடப் பிடிக்கும், யாரோடு சண்டை. முதலில் சாமி பாட்டு. ராயபுரத்தில் அடங்கியிருக்கிற குணங்குடி மஸ்தான் சாகிபு பாட்டும் பாடக் கேட்டிருக்கிறேன். சாவு எந்த மதத்துக்காரர் வீட்டில் என்று யாரும் பார்த்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல்தான் செத்தவர் பாட்டுக்குள் வருவார். ரிக்ஷா இழுத்தவர் ரிக்ஷாவோடு வருவார், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் மூட்டையோடு வருவார். நடுவில் அவர் வாங்கிய கடனையும் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். விடியும்போது வீடே அழுது முடித்திருக்கும். கானா என்கிற சொல்லே இந்திக்காரன் பாட்டுக்குச் சொல்கிற சொல், ஆர்மோனியம் வெள்ளைக்காரன் பெட்டி. துறைமுகத்து ஊர் பாப்பா, வந்தது எல்லாவற்றையும் எடுத்துப் பாடிவிட்டார்கள்.

உன் தாத்தாவும் பாடுவார். பெரிய பாடகர் எல்லாம் இல்லை, யார் வீட்டுக் காரியத்திலும் ரெண்டு பாட்டு பாடாமல் எழுந்துவர மாட்டார்.

2003இல் அவர் போனார். உனக்கு ஒன்பது வயசு. மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் நாலு பேர் வந்து, “நாங்களே ஆளைக் கூட்டியாறோம், காசு வேணாம், விடிய விடிய பாடிடலாம்” என்றார்கள். மறுநாள் காரியத்துக்கு என் ஆபீஸிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மேலதிகாரியும் வருகிறார் என்று சொன்னார்கள். சிலர் முந்தின ராத்திரியே எட்டிப் பார்க்கக்கூடும் என்று எனக்கு ஒரு பயம். “வேணாம்ணா, பக்திப் பாட்டு கேசட்டு போட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் பந்தக்காலில் விரலால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ராத்திரி நீ என்னிடம் வந்து, “தாத்தாவுக்கு ஏன் நைனா பாட்டு வெக்கல?” என்றாய். “படுத்துத் தூங்கு” என்று அதட்டினேன்.

மேலதிகாரி மறுநாளும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூணு வருஷம் கழித்து, 2006இல், கானா உலகநாதன் மீனுக்கும் மீனுக்கும் கல்யாணம் பண்ணி வைத்த பாட்டு சினிமாவில் வந்தது. ஆபீஸ் ஆண்டு விழாவில் அந்தப் பாட்டுக்கு யார் யார் ஆடினார்கள் தெரியுமா? யார் முகம் சுளிப்பார்கள் என்று பயந்து நான் கேசட்டு போட்டேனோ, அவர்கள்தான் முதல் வரிசையில் ஆடினார்கள். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பே, தொண்ணூறுகளில் தேவா இசையில் கானா பட்டிதொட்டியெல்லாம் போயிருந்தது. அப்புறம் நம் புளியந்தோப்புக்காரர் கானா பாலா வந்தார். மெட்ராஸ்காரன் என்றால் இப்படித்தான் பேசுவான், இப்படித்தான் ஆடுவான் என்று தமிழ்நாடு முழுக்க ஒரு படம் பதிந்துபோனது. அந்தப் படத்தில் பாட்டோடு கூடவே கத்தியும் லுங்கியும் சேர்ந்து வந்ததுதான் எனக்குக் கசப்பு. நீ காலேஜில் வியாசர்பாடி என்று சொன்னதும் ஒரு பையன் “உங்க ஏரியா ரவுடிங்க...” என்று ஆரம்பித்தானே, அவன் நம் தெருவைப் பார்த்திருக்க மாட்டான், சினிமாவில் குத்துப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வருகிற சீனைப் பார்த்திருப்பான். ஒரு பாட்டு ஊருக்குப் பேர் வாங்கித் தரும்போது கூடவே என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்பது பாடுகிறவர் கையில் இல்லை. நம் ஆட்களும் சும்மா இல்லை. இப்போது யூடியூபில் பொண்ணுங்களைப் பற்றி சில பையன்கள் பாடுவதைக் கேட்டால் செருப்பைக் கழற்றத் தோன்றுகிறது. எல்லாமே நம்ம பாட்டு என்று தூக்கிவைத்து ஆட நான் தயாராக இல்லை.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற பாட்டுக் குழுவின் முதல் மேடை. பா.ரஞ்சித் ஏற்பாடு. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பையன்கள் கானா பாடினார்கள். நானும் போயிருந்தேன், அம்மாவிடம் சொல்லவில்லை. சாவுப் பந்தலில் பார்த்த அதே டேப், அதே அடி, எதிரே ஆயிரக்கணக்கில் கூட்டம். அந்தக் குழுவில் ஒரே பெண் இசைவாணி, ராயபுரம் பெண். ஆம்பளைப் பாட்டு என்று இருந்ததில் புகுந்து பாடியது. 2020இல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் பேர் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்று தொடங்கினார்கள். மார்கழி என்றால் சபாவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்ததா என்ன?

உன் ஊருக்கு வருகிறேன். நீ அனுப்பினாயே, மேத்யூ தெருவில் கேவர்ன் கிளப் வாசலில் எடுத்த போட்டோ, அதைப் பார்த்த பிறகு அதைப் பற்றியும் தேடிப் படித்தேன். கிடங்குக்கு அடியில் ஒரு நிலவறை. 1957இல் ஜாஸ் கேட்க வருகிற கனவான்களுக்காகத் திறந்தது. அந்த வருஷமே ஜான் லெனான் அங்கே தன் பள்ளிக்கூடக் கூட்டாளிகளோடு பாட வந்திருக்கிறார், பீட்டில்ஸ் என்ற பெயரே அப்போது இல்லை. ராக் அண்ட் ரோல் எடுத்ததும், அந்தக் கூத்தை நிறுத்து என்று முதலாளி மேடைக்குத் துண்டுச்சீட்டு அனுப்பினாராம். இப்போது நீ இறங்குகிற விமான நிலையத்துக்கே அந்த லெனான் பேர். அந்த நிலவறையையும் 1973இல் ரயில் வேலைக்காக மூடி மண் போட்டு நிரப்பிவிட்டு, 1984இல் பழைய செங்கல்லைப் பொறுக்கி எடுத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நீ போட்டோ எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது கேவர்ன் முன்னால். துண்டுச்சீட்டுக் கதையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை பாப்பா. அந்த முதலாளி கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து மாதிரி இருந்தது.

இப்போது விஷயம் என்னவென்றால், அடுத்த மாதம் தாத்தாவுக்குத் திதி வருகிறது. அன்று பந்தக்காலில் தட்டிவிட்டுப் போனாரே, அவரை மார்க்கெட்டில் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டது, காது கேட்கவில்லை, அவர் பேரன் பாடுகிறானாம். வீட்டுக்கு வரச் சொன்னேன். பையன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து, அதே பழைய கேள்விகள்: என்ன வேலை, எத்தனை பிள்ளை, என்ன பிடிக்கும். வேலையைச் சொன்னேன், டிபன் கேரியரைச் சொன்னேன், “ஊரும் போச்சு” என்றதைச் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. பெற்ற அப்பாவைப் பற்றிச் சொல்ல அரைப் பக்கம்கூட வரவில்லை. அவர் தோளில் ஏறிக்கொண்டு சுற்றியது நீதான். சம்பள நாளில் உனக்கு என்ன வாங்கி வருவார், உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார், ஆயாவோடு எதற்குச் சண்டை போடுவார், ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுதி அனுப்பு. கடன் கிடன் இருந்தாலும் எழுது, மறைக்காதே. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் நல்லது, பையன் மெட்டுக் கட்ட வேண்டுமாம்.

அம்மா கருவாடு பார்சல் பண்ணலாமா என்று கேட்கிறாள். அங்கே விடுவார்களா என்று விசாரித்துச் சொல்.

அன்புடன்,
உன் நைனா