ஜானி பிரைட்டை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டில் நிறவெறி பற்றிய உங்கள் கட்டுரையில் ஜானி பிரைட்டின் பெயரே இல்லாதது வருத்தம் தந்தது. 1951 அக்டோபர் 20, மிசௌரி வேலி கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். ஸ்டில்வாட்டரில் ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியை எதிர்த்து ஆடியது டிரேக் பல்கலைக்கழகம். அதன் கறுப்பின நட்சத்திரம் பிரைட். பந்தைக் கைமாற்றிவிட்டு ஒதுங்கி நின்றவரின் முகத்தில் எதிரணி வீரர் பாய்ந்து முன்கையால் இடித்தார். தாடை உடைந்தது. அப்படியும் 61 கெஜ தூரத்துக்குப் பந்தை எறிந்து (பாஸ்) டச்டவுன் என்னும் ஆறு புள்ளி வாங்கித் தந்தார் மனிதர்! முதல் ஏழு நிமிடத்துக்குள் மூன்று முறை நினைவிழந்தார்.

டெ மாயின் ரெஜிஸ்டர் நாளிதழின் புகைப்படக்காரர்கள் இருவர் அந்த அடியை வரிசையாகப் படமெடுத்திருக்காவிட்டால், தற்செயல் என்று சொல்லி மூடியிருப்பார்கள். படங்களுக்கு 1952-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனால் கான்ஃபரன்ஸ் நடவடிக்கை எடுக்கவில்லை. டிரேக் கான்ஃபரன்ஸை விட்டு வெளியேறியது, ஆதரவாக பிராட்லி பல்கலைக்கழகமும் வெளியேறியது. அந்த முடிவுக்குத் தனித் துணிச்சல் வேண்டும். எதிரணிக் கல்லூரி மன்னிப்புக் கேட்டதோ 2005-இல்தான், பிரைட் இறந்து 22 வருடம் கழித்து.

அந்தப் படங்களை விளையாட்டுப் பக்கத்தில் ஒருமுறை வெளியிடுங்கள். நம் பிள்ளைகளும் பார்க்கட்டும்.

– வாசகர், திருச்சி