இனி முழுப் பெட்டி கிடையாது, மாலைப் பொட்டலம்தான்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டில் மாதிரி ரயில் பாதை கட்டுபவர்களுக்காக இதுவரை நாங்கள் விற்றுவந்த முழுப் பெட்டியை இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம். தண்டவாளம், பாயிண்ட் (ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குப் பிரியும் இடம்), ஜல்லி, புல், மரம், மலைக்கான பிளாஸ்டர் துணி என எல்லாம் ஒன்றாக வருமே, அந்தப் பெட்டிதான். இனி ஒரு மாலையில் முடியக்கூடிய வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் போட்டு, சிறு பொட்டலங்களாகத் தரப்போகிறோம். ஏன் இப்படி என்று பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சிலர் கோபமாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

முழுப் பெட்டி வாங்கியவர்கள் சில வாரம் கழித்து எங்களைக் கூப்பிட்டால், பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். சனிக்கிழமை உட்கார்ந்து பாதையைப் போட்டாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜல்லி கொட்டி, பசை விட்டு, புல்லும் தூவியாகிவிட்டது. பார்க்க அவ்வளவு அழகு. வண்டியை ஓட்டினால் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, இன்னோர் இடத்தில் தடம் புரள்கிறது. கோளாறு பாதையிலா, ஒயரிலா, சக்கரத்திலா, பாயிண்டுக்குள் போன பசையிலா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பிரித்துப் பார்க்கலாம் என்றால் எல்லாம் இறுகிக் கிடக்கிறது. அப்புறம் மேசைமேல் ஒரு துணியைப் போர்த்தி மூடிவிடுகிறார்கள். அந்தத் துணியைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எங்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆசையாக ஆரம்பித்த வேலை, நாங்கள் விற்ற பொருளாலேயே நின்றுபோனது என்றால் அதை நாங்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

எங்களுக்கும் அந்த அனுபவம் உண்டு. கடையின் பின்னறையில் எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவில், ஒரு பாதை வைத்திருக்கிறோம். அதில் நிலையத்துக்குள் நுழையும் முதல் பாயிண்டை ஒரு நாள்கூட ஓட்டிப் பார்க்காமல் ஜல்லி போட்டு ஒட்டிவிட்டோம். மறுநாள் நாக்குத் தண்டவாளம், அதாவது ரயிலைத் திருப்ப இருபுறமும் அசையும் துண்டு, அசையவே இல்லை. வெந்நீர் விட்டு ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, கடைசியில் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள கட்டைகள் உடைந்து அந்தப் பாயிண்டையே தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அதைச் சுற்றியிருந்த இரண்டு பாதைத் துண்டுகளும் சேர்ந்து போயின. மூன்று மாலைகள் அதற்கே செலவாயின. அன்றிலிருந்து பின்னறையில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: எந்த வேலை செய்தாலும் சரி, அன்றைக்கு எழுந்திருக்கும் முன் ஒரு வண்டி முழுச் சுற்று ஓடியாக வேண்டும். வண்டி தடுக்கினால், அன்று என்ன தொட்டோமோ அதில்தான் கோளாறு. தேடும் இடம் அவ்வளவு சுருங்கிவிடுகிறது. மாலைப் பொட்டலம் என்ற யோசனையே இதிலிருந்து வந்ததுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பாதையை வளர்ப்பது ஒன்றும் புதுசு இல்லை. 1891இல் லைப்சிக் சந்தையில் மார்க்லின் நிறுவனம் சாவி கொடுத்து ஓட்டும் ரயிலைக் காட்டியபோது, பாதை அகலங்களுக்கு வரையறை வைத்து, பின்னால் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளும்படிதான் அதை அமைத்திருந்தது.

சரி, பொட்டலங்களுக்கு வருவோம். முதலில் வருவது பாதைப் பொட்டலம். வளைத்துக்கொள்ளும் தண்டவாளம் இரண்டு நீளம், அதற்கு அடியில் விரிக்கும் கார்க், இணைப்புத் தகடுகள், குண்டூசிகள், ஒயர், அவ்வளவே. ஒரு நீளம் ஏறக்குறைய 91 சென்டிமீட்டர். இரண்டு நீளம் என்பது ஒரு மாலைக்கு ரொம்பக் குறைவு என்று தோன்றலாம். நிதானமாகச் செய்தால் அதுவே நிறைய. நிஜத்தில் ஸ்டாண்டர்டு கேஜ் எனப்படும் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் எச்.ஓ. பாதையின் 16.5 மில்லிமீட்டர் கிடைக்கும். அதாவது இணைப்பில் நீங்கள் விடும் அரை மில்லிமீட்டர் பிசகு, நிஜத்தில் நாலு சென்டிமீட்டருக்கும் மேல். 160இல் ஒரு பங்கான ‘என்’ (N) என்ற இன்னும் சின்ன அளவில் அதே அரை மில்லிமீட்டர் எட்டு சென்டிமீட்டர். அப்படி ஒரு பாதையில் உண்மையான ரயில் போகுமா? உங்கள் சின்ன ரயில் அதில் தடுமாறுவதில் வியப்பே இல்லை.

வளைவில் இரண்டு நீளங்கள் சேரும் இடம்தான் எல்லோருக்கும் தொல்லை. வளைத்த பிறகு இணைத்தால் அந்த இடத்தில் முழங்கை மாதிரி ஒரு கோணம் விழும். இரண்டையும் நேராக வைத்து, இணைப்புத் தகட்டில் ஈயம் பற்றவைத்துவிட்டு, அப்புறம் சேர்த்து வளைத்தால் வளைவு ஒரே ஓட்டமாக வரும். உள்பக்கத் தண்டவாளம் முனையில் நீண்டுவிடும். அதை வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். விரலை வைத்து இணைப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். விரல் தடுக்கினால் சக்கரமும் தடுக்கும். பிறகு கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய் நீளவாக்கில் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத நெளிவெல்லாம் அப்போது தெரியும். இந்தப் பொட்டலத்தில் பசை இருக்காது. வேண்டுமென்றே வைக்கவில்லை. குண்டூசியோடு நிற்கட்டும்.

ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்தமாகவே சொல்கிறோம். ஒவ்வொரு நீளத் தண்டவாளத்துக்கும் அடியிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். இணைப்புத் தகடு மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பி விடாதீர்கள். முதல் மாதம் கடத்தும். பிறகு தகடு தளரும், இடுக்கில் களிம்பு ஏறும், வண்டி மூலையில் நின்று சிணுங்கும். நிக்கல் சில்வர் என்று பெயர் இருந்தாலும் இந்தத் தண்டவாளத்தில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. மேசைக்கு அடியில் தடித்த ஒயர் இரண்டு, இரண்டு நிறத்தில், பாதை முழுக்க ஓடட்டும். அதிலிருந்து கிளைகள் மேலே வரட்டும். டி.சி.சி. எனப்படும், டிஜிட்டல் முறையில் வண்டிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள், பாதையின் பல இடங்களில் இரண்டு தண்டவாளத்தின் மேலும் ஒரு நாணயத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். கருவி உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும். எங்காவது துண்டிக்காமல் இருந்தால் நாணயத்தை உடனே எடுத்துவிடுங்கள். அங்கே ஒயர் போதவில்லை என்று அர்த்தம்.

எல்லா இணைப்பையும் பற்றவைத்துவிட வேண்டும் என்ற ஆசையும் சிலருக்கு வரும். வேண்டாம். மூன்று மீட்டர் நீளத் தண்டவாளம், வெப்பம் 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். மரச்சட்டம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வறண்ட மாதங்களில் சுருங்கும். நேரான பகுதிகளில் சில இணைப்புகளையாவது பற்றவைக்காமல், நூலிழை இடைவெளியோடு விட்டுவையுங்கள்.

மேம்பாலம் கேட்டு வருபவர்களும் உண்டு. ஒரு பாதை இன்னொன்றின் மேலே தாண்டிப் போக எச்.ஓ. அளவில் சுமார் ஏழரை சென்டிமீட்டர் உயரம் வேண்டும். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் ஏற்றம் என்றால், மேலே போகவே நாலு மீட்டர் ஓடியாக வேண்டும். இறங்க இன்னொரு நாலு. மேசை அதற்கு இடம் தருமா என்று பார்த்துவிட்டுத்தான் இனி பாலம் தருவோம்.

பாதை போட்டு முடிந்தபின் ஒரு வாரம் சும்மா ஓட்டுங்கள். இதைத்தான் சிலர் ஏற்க மறுக்கிறீர்கள். வெறும் பலகைமேல் ரயில் ஓடுவதைப் பார்க்கப் பொறுமை இல்லை என்கிறீர்கள். எங்களுக்கு இந்த வாரம்தான் ரொம்பப் பிடித்தது. இருப்பதிலேயே நீளமான ரயில் பெட்டியை இணைத்து, பாயிண்டுகள் வழியாகப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். மெதுவாகவும் ஓட்டிப் பாருங்கள். நிஜத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது எச்.ஓ. மேசையில் நொடிக்கு வெறும் 19 சென்டிமீட்டர்தான். பலரும் அதைப் போல மூன்று மடங்கு வேகத்தில் விரட்டுகிறோம். தடுக்கிய இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, எந்த வண்டி என்று எழுதிவையுங்கள்; சரிசெய்ததும் எடுத்துவிடுங்கள். எல்லா வண்டியும் ஒரே இடத்தில் தடுக்கினால் பாதையில் குறை. ஒரே வண்டி எல்லா இடத்திலும் தடுக்கினால் அதன் சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். வாரக் கடைசியில் காகிதம் ஒன்றுகூட மிச்சமில்லை என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள், ஜல்லிப் பொட்டலத்தை அனுப்புகிறோம். ஆதாரம் எதுவும் கேட்கமாட்டோம். "ஓடுகிறது" என்று நீங்கள் சொன்னால் போதும்.

ஜல்லிக்கு முன் தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப்பிடித்த பழுப்பு நிறம் அடியுங்கள். மேல்முகத்தில் பட்டதை ஈரம் காயும் முன் துடைத்துவிடுங்கள். பளபளப்பு போனதுமே பாதை மெலிந்து தெரியும். இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய மாற்றம் வேறெதிலும் கிடையாது.

ஜல்லி போடும்போது ஒரு மாலைக்கு ஒரு முழம் போதும். முதலில் உலர்ந்த ஜல்லியைக் கரண்டியால் தூவி, மெல்லிய தூரிகையால் கட்டைகளுக்கு நடுவே ஒதுக்குங்கள். கட்டையின் மேல் ஒரு மணிகூட இருக்கக் கூடாது, தண்டவாளத்தின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டும் நிற்கக் கூடாது. இந்த ஒதுக்கும் வேலைதான் மாலையின் பெரும்பகுதி. இதில் அவசரப்பட்டால் பசை அந்த அவசரத்தை அப்படியே உறையவைத்துவிடும். பிறகு ஒரு சொட்டு சோப்புக் கலந்த தண்ணீரைப் பனி மாதிரி தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் உருண்டையாகத் திரண்டு ஜல்லியைக் குழிபறித்துவிடும். நன்றாக நனைந்த பிறகு, வெள்ளை மரப்பசை ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு கலந்து, சொட்டுக்குழாயால் விடுங்கள். பசை தானாக ஊறிப் பரவும். நம் வழக்கப்படி வண்டி ஓட்ட வேண்டுமே என்றால், இந்த ஒரு வேலைக்கு மட்டும் விலக்கு. மறுநாள் மாலை, நன்றாகக் காய்ந்து தண்டவாளத்தைத் துடைத்த பிறகு ஓட்டுங்கள். ஒட்டாத ஜல்லியை உறிஞ்ச, தூசி உறிஞ்சியின் குழாய் வாயில் ஒரு பழைய மெல்லிய காலுறையைக் கட்டிக்கொண்டால், உறிஞ்சியதை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்தலாம். பாயிண்டுகளுக்கு மட்டும் எப்போதும் கடைசி இடம். நாக்கு அசையும் பகுதியில் ஜல்லியைக் கட்டைக்குக் கீழேயே நிறுத்திவிடுங்கள். பசை விட்ட பிறகு காயும்வரை நாலைந்து முறை நாக்கை இருபுறமும் தள்ளிக்கொண்டே இருங்கள்.

நிலக்காட்சிப் பொட்டலங்களில் மலை, புல், மரம், நீர் என்று நாலு வகை இருக்கின்றன. மலைக்கு நுரைப் பலகையைச் செதுக்கினாலும் சரி, கசக்கிய காகிதத்தின் மேல் பிளாஸ்டர் துணி போர்த்தினாலும் சரி, முதலில் பாதையை நாடா ஒட்டி மூடுங்கள். பிளாஸ்டர் தூள் எஞ்சினுக்குள் போனால் பல்சக்கரங்களைத் தின்றுவிடும். சுரங்கம் வைத்தால், உள்ளே கவிழ்ந்த பெட்டியை எடுக்க, பின்பக்கம் கை நுழையும் அளவுக்கு வழி விடுங்கள். நுரைப் பலகைக்கும் தெர்மாகோலுக்கும் கரைப்பான் கலந்த பசை ஆகாது, கரைத்துக் குழியாக்கிவிடும்.

புல் தூவும் கருவி, இழைகளுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றி அவற்றை நிமிர்ந்து நிற்கவைக்கிறது. அதன் இன்னொரு ஒயரை ஈரப் பசையைத் தொடும் ஓர் ஆணியில் மாட்டினால்தான் வேலை செய்யும். முதலில் 2 மில்லிமீட்டர் இழை பரவலாக, அப்புறம் 4 மில்லிமீட்டர் இழை அங்கங்கே திட்டுத்திட்டாக. ஒரே பச்சையை எங்கும் தூவாதீர்கள். காய்ந்த மஞ்சள், பழுப்பு கொஞ்சம் கலந்தால்தான் கண் நம்பும். பொட்டலத்தில் மூன்று நிறம் வைத்திருக்கிறோம், கலக்கும் விகிதம் உங்கள் விருப்பம். உயரமான மரங்கள் முன்னால், குட்டை மரங்கள் பின்னால் இருந்தால் மேசை ஆழமாகத் தெரியும். நீருக்கான ரெசினை ஒரே தடவையில் ஊற்றாமல், மூன்று மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக ஊற்றுங்கள். ஓரங்களை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். ரெசின் ஊசித்துளையில்கூடக் கசிந்து ஓடும்.

முழுப் பெட்டிக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குப் பெட்டி சொன்னபடி வரும். பொட்டலமாக மாற்றிக்கொள்ள விரும்பினால் எழுதுங்கள், அதே பொருட்களைப் பிரித்து அனுப்புகிறோம். மேசையைத் துணி போட்டு மூடிவைத்திருப்பவர்களும் தயங்காமல் எழுதுங்கள். எந்தெந்த இடத்தில் வண்டி நிற்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்து அனுப்பினால், எதைப் பிரிக்க வேண்டும், எதைத் தொடாமலே விடலாம் என்று பார்த்துச் சொல்கிறோம். புதிதாகத் தொடங்குபவர்கள் பாதையின் வரைபடத்தோடு மேசையின் நீள அகலம், மிகக் குறுகிய வளைவின் ஆரம், உங்களிடம் உள்ள மிக நீளமான ரயில் பெட்டியின் அளவு ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள். முதல் பொட்டலத்தை அதைப் பார்த்துத்தான் கட்டுவோம்.

அன்புடன்,
உங்கள் மாதிரி ரயில் கடை