புள்ளியை இழுப்பதற்கு முன்னால், சேகருக்கு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷம் சர்வே, ரிப்பேர் என்று சுற்றிவிட்டு மறுபடியும் டிசைனுக்கே வந்துவிட்டாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்டா. நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஹல் மாடலிங் (கப்பலின் வெளியுடலைக் கணினியில் உருவாக்குவது) சொல்லித்தரும் பொறுப்பும் இப்போது என்னிடம் வந்திருக்கிறது, அது பிடித்தும் இருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். புள்ளி சேர்ப்பது, நகர்த்துவது, அழிப்பது எல்லாம் கைக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் இருக்கும் எக்ஸ்டெண்டட் கமாண்டுகளைத் திறந்தால் தலை சுற்றுகிறது, அதெல்லாம் தேவையா என்று எழுதியிருந்தாய். கண்டிப்பாகத் தேவை. அவை நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கையால் புள்ளி புள்ளியாக இழுத்தால் ஹல்லின் வழவழப்பு போய்விடும், அதைக் காப்பாற்றிக்கொண்டே வடிவத்தை மாற்ற வேறு வழி இல்லை.

நாம் காகிதத்தில் கப்பலின் லைன்ஸ் (வடிவக் கோடுகள்) வரைந்தபோது மெல்லிய சட்டத்தை வளைத்து ஈயக்கட்டிகளை வைத்துப் பிடிப்போமே, நினைவிருக்கிறதா? ஒரு கட்டியை லேசாக நகர்த்தினால் சட்டம் தானாகவே அந்த வளைவை இருபுறமும் பரப்பிக்கொள்ளும். திரையில் அந்த உதவி கிடையாது. மூன்றாம் படி வளைவில் ஒரு கன்ட்ரோல் பாயின்ட் (வளைவை இழுத்து வடிவமைக்கும் புள்ளி) அதிகபட்சம் நான்கு துண்டுகளைத்தான் அசைக்கும், அதற்கு அப்பால் எதுவும் நகராது. டிஸ்பிளேஸ்மென்ட் (கப்பல் ஒதுக்கும் நீரின் அளவு) போதவில்லை என்று ஒரு இடத்தில் வெளியே இழுத்தால், அந்த நான்கு துண்டுகளின் எல்லையில் மேடோ பள்ளமோ விழும். அதைச் சரிசெய்யப் பக்கத்துப் புள்ளியைத் தொடுவாய், அப்புறம் அதற்குப் பக்கத்துப் புள்ளி, இதற்கு முடிவே இல்லை.

இதனால்தான் பிள்ளைகளுக்கு முதலில் லாக்கன்பி டிரான்ஸ்ஃபர்மேஷனைச் சொல்லித்தருகிறேன். லாக்கன்பி 1950-இல் வெளியிட்ட முறை இது. ஸ்டேஷன்களின், அதாவது கப்பலின் குறுக்குவெட்டுகளின், வடிவத்தைத் தொடாமல் அவற்றை முன்னும் பின்னும் நகர்த்தி பிரிஸ்மாட்டிக் கோஎஃபிஷியன்ட்டையும் (கொள்ளளவு முனைகள் வரை எவ்வளவு பரவியிருக்கிறது என்ற விகிதம்) எல்சிபியையும் (மிதப்பு மையம் நீளவாட்டில் இருக்கும் இடம்) நமக்கு வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருகிறது. அதற்கு முன்பிருந்த எளிய முறையை ஒரு முறை கையால் போட்டுப் பார், லாக்கன்பி என்ன செய்தார் என்று பளிச்சென்று புரியும். நூறு மீட்டர் கப்பலின் முன்பாதியை எடுத்துக்கொள், நீளம் 50 மீட்டர், அதன் பிரிஸ்மாட்டிக் 0.70, உனக்கு 0.72 வேண்டும். வேண்டிய கூடுதல் 0.02-ஐ, ஒன்றிலிருந்து 0.70 போக மிஞ்சும் 0.30-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.067. ஒரு ஸ்டேஷன் முன் முனையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அந்தத் தூரத்தை இதால் பெருக்கினால் அது எவ்வளவு நகர வேண்டும் என்று வந்துவிடும். நடுவிலிருந்து 20 மீட்டரில் இருக்கும் ஸ்டேஷன் முனையிலிருந்து 30 மீட்டர், ஆகவே அது 2 மீட்டர் முன்னால் போகும். முனையில் இருப்பது அசையாது. ஆனால் நடு ஸ்டேஷனும் 3.3 மீட்டர் முன்னால் போய்விடும், அதாவது பேரலல் மிடில் பாடியே (குறுக்குவெட்டு மாறாத நடுப்பகுதி) இல்லாத கப்பலுக்கு நீ கேட்காமலே அது முளைத்துவிடும். அந்த நேர்கோட்டுக் கணக்குக்குப் பதிலாக லாக்கன்பி இரண்டாம் படிக் கணக்கைக் கொண்டுவந்தார், அதனால் மிடில் பாடி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் நாமே தனியாகச் சொல்ல முடிகிறது. எனக்கு மிகவும் பிடித்த கமாண்ட் இதுதான்.

இதில் ஒன்றைக் கவனி. மென்பொருள் நகர்த்துவது கன்ட்ரோல் பாயின்ட்டுகளை, பரப்பு அவற்றின் வழியாகவே போவதில்லை, அதனால் கேட்ட எண் ஒரே தடவையில் துல்லியமாக வராமலும் போகலாம், ஹைட்ரோஸ்டாட்டிக்ஸை (மிதப்புக் கணக்கு எண்களை) பார்த்துவிட்டு மறுபடியும் ஓட்டு. இரண்டாம் படிக் கணக்கு என்பதால் சாய்வாக ஓடும் நேரான நக்கிள் கோடு (பரப்பு கூர்மையாக மடியும் கோடு) லேசாக வளையும். ஆகவே நக்கிள், பல்ப் (முன்முனைக் குமிழ்), ஸ்கெக் (பின்பக்க அடியில் நீட்டும் பகுதி) எல்லாம் சேர்ப்பதற்கு முன்பே லாக்கன்பியை முடித்துவிடு.

ஸ்கேல் கமாண்டை இதோடு குழப்பிக்கொள்ளாதே. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் 1.1 மடங்கு ஆக்கினால் டிஸ்பிளேஸ்மென்ட் 1.331 மடங்காகும், ஆனால் பிளாக் கோஎஃபிஷியன்ட் (கப்பலைச் சுற்றிய பெட்டியை அது எவ்வளவு நிரப்புகிறது என்ற விகிதம்) துளியும் மாறாது. அகலத்தை மட்டும் கூட்டினாலும் அப்படித்தான். கப்பல் பெரிதாகுமே தவிர பருமனாகாது.

அடுத்தது இன்சர்ட் பிளேன். ஒரு தளத்தால் வெட்டி, கன்ட்ரோல் வலையின் எட்ஜ்களை (புள்ளிகளை இணைக்கும் கோடுகளை) அது சந்திக்கும் இடமெல்லாம் புதுப்புள்ளி வைக்கும். வசதியானதுதான், ஆனால் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு வரிசையும் சுருக்கம் விழ இன்னொரு இடம், ஆகவே குறைந்த புள்ளிகளில் முடியும் வரை முடி. நீ சப்டிவிஷன் பரப்பில் (வலையைத் திரும்பத் திரும்பப் பிரித்து வழவழப்பாக்கிய பரப்பு) வேலை செய்கிறாய் என்றால் இன்னொன்றும் உண்டு. நான்கு எட்ஜ்கள் சேராமல் மூன்றோ ஐந்தோ சேரும் புள்ளியில், கேட்மல்-கிளார்க் என்ற சப்டிவிஷன் முறையில் சாய்வு தொடரும், ஆனால் வளைவுத் தொடர்ச்சி உறுதி இல்லை. அந்த மாதிரிப் புள்ளிகளை முன்பக்க வாட்டர்லைன் (நீர்மட்டக் கோடு) அருகில் விடவே கூடாது, தட்டையான அடித்தளத்துக்கோ டெக்குக்கோ தள்ளிவிடு. நான் பிள்ளைகளின் மாடலைத் திறந்ததும் முதலில் தேடுவது இதைத்தான்.

தகடு விரிக்கும் கமாண்ட் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், சைன் படகு (பக்கமும் அடியும் கூர்மையான மடிப்பில் சேரும் படகு) ஒன்று கையில் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. எந்தப் பரப்பைக் கொடுத்தாலும் அது விரித்துக் காட்டிவிடும், திரையில் அழகாகவும் இருக்கும். ஆனால் காஸியன் கர்வேச்சர் (இரு திசை வளைவுகளின் பெருக்கல்) பூஜ்யமாக இருந்தால்தான் தகடு நீளாமல் சுருங்காமல் அப்படி வளையும். முதலில் கர்வேச்சர் வண்ணத்தைப் போட்டுப் பார். விரித்த பிறகு ஓரங்களின் நீளத்தை மாடலில் உள்ளதோடு ஒப்பிட்டுக்கொள். வித்தியாசம் வந்தால் மாடலைத் திருத்து, தகட்டை வெட்டிவிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே.

லீக் பாயின்ட் சோதனை (மாடலில் திறந்திருக்கும் இடங்களைத் தேடுவது), கண்ணாடிப் பிரதி, பூட்டு இவையெல்லாம் நீயே போகப்போகக் கண்டுபிடித்துக்கொள்வாய்.

அந்தச் சைன் படகின் ஃபைலை எனக்கு அனுப்பு. நீ எதுவும் திருத்தாமல், இப்போது இருப்பது போலவே அனுப்பு, கூடவே உனக்கு வேண்டிய டிஸ்பிளேஸ்மென்ட்டையும் எல்சிபியையும் எழுதி அனுப்பு. எந்தப் புள்ளிகளை எடுத்துவிடலாம் என்று குறித்து அனுப்புகிறேன். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி