கட்டியக்காரன் நிற்கிற இடம்

தண்டையார்பேட்டை
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. இங்கே மூன்று நாளாக மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் வழக்கம்போலத் தண்ணீர் தேங்கி, வண்டியெல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது. வீட்டில் எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்ததா? பெரியவனுக்கு ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

வியாசர்பாடியில் மாலைப் படிப்பகம் தொடங்க, தெருக்காரர்களைக் கூட்டி நீ பேசப்போவதாக எழுதியிருந்தாய். கூடவே வைத்த பேச்சுக் குறிப்பை மூன்று தடவை படித்தேன். வாடகை 4,000, கரண்ட் 600, பிள்ளைகளுக்குச் சுண்டல், பால் 3,400, ஆக மாதம் 8,000, நாற்பது வீடு தலா 200 என்கிற கணக்கில் குறையே இல்லை. ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவரிடம் "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? "கல்வியால் சமுதாயம் உயரும்" என்பதை யாரும் வீடுவரைக்கும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். அங்கே ஒரு கதை வேண்டும். அதைக் கட்டுகிற விதம் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க.

முதலில் கடைசிக் காட்சியை எழுது. படிப்பகம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள். அறுபதாவது நாள் மாலை ஆறரை மணிக்கு அங்கே கண்ணுக்கு என்ன தெரிகிறது? "அறிவொளி" என்று எழுதினால் அடித்துவிடு. பாய், டியூப்லைட், வாசலில் கிடக்கிற செருப்பு என்று எழுது. அதன் பிறகு அதே ஆறரை மணி இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று எழுது. இரண்டிலும் ஒரே பிள்ளைதான் வர வேண்டும். நான் யோசித்துப் பார்த்தது இப்படி:

பத்துக்குப் பத்து அறை. டிவியில் சீரியல் ஓடுகிறது. அம்மா ஓரமாக உட்கார்ந்து பூ கட்டுகிறார். ஏழாவது படிக்கிற பெண் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்காருகிறாள். தண்ணீர்க் குடத்தோடு ஒருவர் ஏறுகிறார், எழுந்து வழிவிடுகிறாள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒருவர் இறங்குகிறார், மறுபடி எழுந்திருக்கிறாள். ஒரு கணக்கு முடிவதற்குள் நாலு தடவை.

அறுபதாவது நாள் காட்சியில் அவள் பாயில் உட்கார்ந்து அதே மாதிரி ஒரு கணக்கைப் போடுகிறாள். ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

இவ்வளவுதான். நீ சொல்ல நினைக்கிற கனவு முழுக்க அந்த "எழுந்திருக்கவில்லை"க்குள் அடங்கிவிடும். படியில் உட்கார்ந்து படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேராவது இருப்பார்கள், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள். அந்தப் பெண் எந்த வீட்டுப் பெண் என்று அடையாளம் தெரியக் கூடாது. நிஜமாக ஒரு வீட்டுக் கஷ்டத்தை மேடையில் சொன்னால் அந்த அம்மா மறுநாள் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரு பெண்ணாக்கு, அப்படித்தான் ஆக்கியிருக்கிறாய் என்பதையும் சொல்லிவிடு. பரிதாபத்தைக் கூட்டாதே. வடசென்னையைப் பாவப்பட்ட இடமாகவும் அடிதடி இடமாகவும் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து நம் ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. அந்தப் பெண் கெட்டிக்காரியாகவே இருக்கட்டும், இடம்தான் இல்லை.

அடுத்தது, கதையில் நீ எங்கே நிற்கிறாய் என்பது. உன் குறிப்பில் "நான்" பதினேழு இடத்தில் வருகிறது. நம் தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் நிற்கிற இடத்தைப் பார். திரைக்குப் பின்னாலிருந்து பாடிவிட்டு ராஜா சபைக்கு வருவார். கட்டியக்காரன்தான் "நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தீங்க?" என்று மடக்குவான். உட்கார்ந்திருக்கிற சனம் கேட்க நினைத்ததை அவன் வாய் கேட்கும். அவன் ராஜாவும் இல்லை, எதிரியும் இல்லை. உன் இடம் அதுதான். கதைக்கு நாயகர்கள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதனால் அவர்கள் மனசில் ஓடுகிற கேள்வியை நீயே நடுவில் போடு. "முன்னே ரெண்டு பேரு ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டாங்களே, இவரு மட்டும் நடத்திடுவாரா?" இதை மறைத்தால், நீ பேசுகிற நேரம் முழுக்க அவர்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். கதை பாதியில் இருக்கும்போதே இதை வாய்விட்டுக் கேட்டு, ஒழுங்கான பதில் சொல். நின்றுபோனதற்கு நீ எழுதிய காரணம், சாவி ஒரே ஆளிடம் இருந்தது, அவர் வீடு மாறிப் போனதும் கதவு திறக்கவில்லை என்பது. அருமையான காரணம். இந்தத் தடவை ஆறு நாளைக்கு ஆறு ஜோடி, பன்னிரண்டு பேர் கையில் பொறுப்பு. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே போ. பேச்சின் கடைசியில் "செவ்வாய்க்கிழமை இது யார்கிட்ட இருக்கும்?" என்று தூக்கிக் காட்டு, கதையை அங்கேயே நிறுத்து.

அந்தக் கேள்விக்கு நீயே பதிலும் சொல்லிவிட்டால் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் மத்தியானம் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து நடக்கும், படுகளம் என்கிற போர்க்களக் காட்சியில் துரியோதனன் மண்ணுருவமாகக் கிடப்பான். அதுவரைக்கும் கேட்டவர்களில், பார்த்தவர்களில் இருந்துதான் கடைசியில் காப்புக் கட்டினவர்கள் தீமிதிக்க இறங்குகிறார்கள். கேட்கிறவர்கள் எழுந்து வருவதற்குக் கதையிலேயே ஒரு வாசல் விட்டிருக்கிறார்கள். உன் கதைக்கு அந்த வாசல் சாவி.

பழசிலிருந்து ஒரு உதாரணம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். தூரத்தில் தேடவே வேண்டாம், பெரம்பூர் பக்கமே இருக்கிறது. பின்னி மில் என்று நாம் சொல்லுகிற பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் வந்து பஜனையும் பிரசங்கமும் கேட்ட சபை ஒன்று இருந்தது. செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள் நடத்திய ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை அது. திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி.பி. வாடியா அதன் தலைவர். அவர் எடுத்துப் பேசியவற்றில் முக்கியமானது, மதியம் சாப்பிடக் கிடைத்த குறுகிய இடைவேளை. அவர் ஆங்கிலத்தில் பேச, தமிழில் சொன்னார்கள். அவசர அவசரமாகச் சோற்றை விழுங்கிவிட்டு மில்லுக்குள் ஓடுகிற கஷ்டம் எந்த மொழியில் சொன்னாலும் புரியும். ஏற்கெனவே சனம் கூடுகிற இடம், எல்லோரும் தினமும் படுகிற ஒரே ஒரு கஷ்டம், பெயர் கொடுத்துச் சேர ஒரு சங்கம். உன் கூட்டத்துக்கும் இந்த மூன்றும் வேண்டும். பேச்சில் இதை நாலு வரிக்கு மேல் சொல்லாதே, வரலாற்று வகுப்பாகிவிடும்.

இனி அளவு. மொத்தம் பன்னிரண்டு நிமிடம் போதும். மாடிப்படிக் காட்சி இரண்டு, சாவியால் படிப்பகம் நின்றுபோன கதையும் பதிலும் நாலு, அறுபதாவது நாள் இரண்டு, பெரம்பூர் ஒன்று, சாவியைக் காட்டிப் பெயர் கேட்பது மூன்று. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80லிருந்து 100 சொல் வரும், கடிகாரம் வைத்து உன் வேகத்தை அளந்துகொள். எண் ஒன்றே ஒன்று சொல்: வீட்டுக்கு 200. மற்ற கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடு, பார்க்க நினைக்கிறவர் நின்று பார்ப்பார். விடியல், எழுச்சி, புரட்சி எல்லாம் கேட்டுக் கேட்டுக் காதில் தேய்ந்துபோன சொற்கள், அவற்றை விடு. மைக்கைப் பிடித்ததும் செந்தமிழுக்குத் தாவாமல் தெருவில் பேசுகிற மாதிரியே பேசு.

பேசிப் பார்க்கிற முறை ஒன்று சொல்கிறேன், இதைத் தவறவிடாதே. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னே ஒரு பாட்டி, ஒரு ஆட்டோக்காரர், பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளை, இந்த மூவரிடமும் தனித்தனியாகக் கதையைச் சொல். அபிப்பிராயம் கேட்காதே, "நல்லா இருக்கு"ன்னுதான் சொல்லுவார்கள். மறுநாள் போய், "நேத்து நான் சொன்னதை நீங்க சொல்லுங்க" என்று கேள். மூன்று பேருமே விட்ட பகுதியை வெட்டிவிடு. அவர்கள் மாற்றிச் சொன்ன வார்த்தை உன்னுடையதைவிட நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள். பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

நாள் விஷயத்தில் ஒரு திருத்தம். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி வேண்டாம். ஞாயிறு காசிமேட்டில் பெரிய வியாபாரம், மீன் விற்கிற பெண்கள் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். ஞாயிறு மாலை ஐந்து மணி என்றால் அவர்களும் வருவார்கள். ரயில் சத்தம் கேட்கிற இடமென்றால் ஸ்பீக்கரை முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று என்று பிரித்து வை. ரயில் போகும்போது கத்தாமல் நிறுத்து, அந்த இடைவெளியும் கதைக்கு நல்லதுதான்.

பேசி முடித்ததும் நன்றியுரை, பொன்னாடை, டீ என்று போனால் சூடு ஆறிவிடும். இரண்டு மேஜை, ஆறு பேனா, கிழமை போட்ட பன்னிரண்டு வரித் தாள் தயாராக இருக்கட்டும். முன்பே ஒத்துக்கொண்ட மூன்று பேரின் பெயரை அதில் எழுதிவைத்து, அவர்கள் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் என்று வெளிப்படையாகச் சொல். வெறும் தாளில் முதல் பெயர் எழுத எல்லோருக்கும் கூச்சம். டீ அதற்குப் பிறகு.

வெள்ளிக்கிழமைக்குள் மாடிப்படிக் காட்சியை மட்டும் எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன். கூட்டத்தன்று நாலு மணிக்கே வந்துவிடுவேன், கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால் கொஞ்சம் தாமதமாகலாம். ஒரு மேஜையை நான் பார்த்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை சாவிக்கு என் பெயரை எழுதிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்